கேபிள் டையில் தொங்கிய ஹீட் ஷீல்டு

பைக்கில் சைலன்சர் மாற்றியவர்கள் கடையை விட்டுக் கிளம்பும் முன் ஒரு நிமிடம் குனிந்து, ஹீட் ஷீல்டை, அதாவது சூடான குழாயில் கால் படாமல் மறைக்கும் தகட்டை, எதைக் கொண்டு கட்டியிருக்கிறார்கள் என்று பாருங்கள். நான் பார்க்கவில்லை.

என்னுடையது 2016 மாடல், 350 சிசி பைக். சைலன்சர் அடியில் துருப்பிடித்து ஓட்டை விழுந்துவிட்டது. திருச்சியில் ஒரு கடைக்குப் போனேன். "கம்பெனி சைலன்சர் வர பத்து நாள் ஆகும் சார். இதைப் போட்டுப் பாருங்க, சத்தமே கம்பீரமா இருக்கும்" என்றார்கள். அந்தக் கம்பீரத்துக்கு மயங்கியது என் தப்புதான். சத்த வரம்பை மீறினால் மோட்டார் வாகனச் சட்டம் 190(2) பிரிவில் 10,000 ரூபாய் வரை அபராதம் என்பதும் தெரிந்தே போட்டேன். கூலியோடு 4,800 ரூபாய். பில் கேட்டதற்குத் துண்டுச் சீட்டில் தொகையை மட்டும் எழுதிக் கொடுத்தார்கள்.

பழைய சைலன்சரில் ஷீல்டை முடுக்குவதற்கென்றே நட்டு வெல்டு செய்திருந்தது. புதுசில் அது கிடையாது. கடைப் பையன் பழைய ஷீல்டையே எடுத்து வைத்து, வயர்களைக் கட்டும் பட்டையான கருப்புக் கேபிள் டை இரண்டால் இறுக்கி, வாலை நறுக்கிவிட்டான். மேலிருந்து பார்த்தால் கச்சிதமாகத்தான் இருந்தது. ஆனால் அது வெறும் நைலான். 260 டிகிரி அருகே உருகும், அதற்கு வெகு முன்பே இளகிவிடும். ஓடுகிற இன்ஜினின் புகைக்குழாய்க்கு அந்தச் சூடெல்லாம் எம்மாத்திரம்.

ஒன்பதாம் நாள் மகளைப் பின்னால் உட்காரவைத்துத் தஞ்சாவூர் கிளம்பினேன். துவாக்குடி தாண்டியதும் பிளாஸ்டிக் கருகும் நாற்றம். எங்கோ குப்பை எரிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த வேகத்தடையில் 'டங்'கென்று ஒரு சத்தம், கூடவே "அப்பா, கால்!" என்று அலறல். ஷீல்டு ஒரு பக்கம் கழன்று தொங்க, அவள் வலது கெண்டைக்கால் வெறும் குழாயில் பட்டுவிட்டது. ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்குத் தோல் வெளுத்துச் சுருங்கியிருந்தது. டீக்கடை அண்ணன் பற்பசையோடு ஓடி வந்தார், பாவம், நல்ல மனசு. அது வேண்டாம் என்று சொல்லி, அவர் கடைக் குழாயிலேயே இருபது நிமிடம் தண்ணீர் விட்டோம். அப்புறம் ஆஸ்பத்திரி.

மறுநாள் உருகிய டையோடு கடைக்குப் போனேன். "நீங்க ரஃப்பா ஓட்டியிருப்பீங்க சார்" என்றார் முதலாளி. மகளின் காலைப் போட்டோவில் காட்டினேன். "ஷீல்டுக்கு நாங்க தனியா காசே வாங்கலையே?" வேண்டுமானால் புது டை இலவசமாகப் போட்டுத் தருகிறாராம்!

வீட்டுப் பக்கத்து மெக்கானிக் இரண்டு ஸ்டெயின்லெஸ் ஹோஸ் கிளாம்ப் (திருகி இறுக்கும் உலோகப் பட்டை) போட்டுச் சரிசெய்தார். ஷீல்டு குழாயை ஒட்டி உட்கார்ந்தால் அதுவும் சேர்ந்து கொதிக்குமாம். அதனால் நடுவில் காற்று போக இடம் விட்டு, தடித்த இரும்பு வாஷர்களை அண்டை கொடுத்தார். கிளாம்பின் திருகுத் தலை காலைக் கிழிக்காதபடி உள்பக்கம் திருப்பினார். "ஒரு நாள் நல்லா ஓட்டிட்டு, ஆறினதும் கொண்டு வாங்க. சூட்டுல விரிஞ்சு சுருங்கினா கொஞ்சம் தளரும்" என்றார். கொண்டுபோனபோது உண்மையிலேயே அரைச் சுற்று இறுகியது. இத்தனைக்கும் அவர் வாங்கியது 350 ரூபாய்.

கம்பெனி சைலன்சருக்கும் சொல்லிவைத்துவிட்டேன். அது வரும்வரை பைக்கில் ஏற மாட்டேன் என்று மகள் பஸ்ஸில் போய்க்கொண்டிருக்கிறாள்.