ரேடியோ, டிவி ஸ்கிரிப்ட் கோர்ஸ்: தாராளமா சேரலாம்

சென்னைல வீக்கெண்ட்ல நடக்குற ஸ்கிரிப்ட் ரைட்டிங் கோர்ஸ் இது, எனக்கு ரொம்பவே பிடிச்சிருந்துச்சு. அதுலயும் ரேடியோ பகுதி சூப்பர். எழுதினத வாய்விட்டு படிக்கச் சொல்வாங்க, மூச்சு முட்டுற இடத்துல வாக்கியத்த வெட்டிடணும், 4,87,350 ரூபாய்னு எழுதினா கிட்டத்தட்ட 5 லட்சம்னு மாத்தச் சொல்வாங்க, ஏன்னா கேக்குறவங்க திரும்பப் போய் படிக்க முடியாதுல்ல. பக்கம் திருப்புற சத்தம் மைக்ல விழக்கூடாதுன்னு வாக்கியம் அடுத்த தாளுக்கு ஓடாம டைப் பண்ணணுமாம், இதெல்லாம் யாருங்க சொல்லித் தருவா! டிவிக்கு பக்கத்த ரெண்டா பிரிச்சு இடதுல காட்சி, வலதுல ஒலி, திரைல தெரியுறதையே வாய்ஸ் ஓவர்லயும், அதாவது பின்னணிக் குரல்லயும் சொன்னா உடனே அந்த வரிய அடிச்சிடுவாங்க. சீரியல் எபிசோட் பகுதிய மட்டும் அவசரமா முடிச்சிட்டாங்க, பேட்ச்ல கூட்டமும் ஜாஸ்தி. 2004ல தொடங்கின அண்ணா பல்கலைக்கழகத்தோட அண்ணா எஃப்எம் மாதிரி சமுதாய வானொலிக்கு எழுதணும்னு ஆசப்படுற ஸ்டூடண்ட்ஸ் கண்டிப்பா சேருங்க.