செடி வாடினால் கடைக்கு ஓடாதீர்கள், முதலில் பிடுங்கிப் பாருங்கள்

பர்மாவில் பெகு பக்கம் மேட்டு நிலத்தில் சூரியகாந்தி போட்டிருக்கும் நம் ஆட்கள் இதைப் பொறுமையாகப் படியுங்கள். எனக்கு 2 ஏக்கரில் முக்கால்வாசி போய்விட்டது.

மழைக் கடலை பிடுங்கிய நிலத்திலேயே ஐப்பசியில் விதைத்தேன். 40 நாள் பயிர், மொக்கு வைக்கிற நேரம். மதியம் தலை தொங்கிய செடி மறுநாள் காலையிலும் நிமிரவில்லை. முதலில் அங்கொன்று இங்கொன்று. ஒரு வாரத்தில் திட்டுத் திட்டாகச் சாய்ந்தது.

டவுனில் பூச்சிமருந்துக்கடை வைத்திருப்பவர் நம்மவர்தான், அண்ணன் என்று கூப்பிட்டுப் பழகியவர். செடியைக் கொண்டுவரட்டுமா என்று கேட்டேன். "எதுக்கு தம்பி, சொன்னாலே தெரியாதா? தண்ணி பத்தல" என்று யூரியா கொடுத்தார். தண்ணீர் கட்டினேன், இன்னும் வேகமாகச் செத்தது. அடுத்த தடவை வேர்ப்புழு என்று குருணை மருந்து. மூன்றாவது தடவை கார்பன்டாசிம், எல்லாப் பூசணத்துக்கும் இதுதான் என்றார். பாக்கெட்டில் சீன எழுத்து மட்டும். பர்மிய எழுத்தில் ஒரு வரி இல்லை, பதிவு எண் இல்லை. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

கடைசியில் பக்கத்து வயல் பர்மியப் பெரியவர் வந்து ஒரு செடியைப் பிடுங்கிக் காட்டினார். மண்ணைத் தொடும் இடத்தில் தண்டு வெந்தது போல் பழுப்பாக இருந்தது. அதைச் சுற்றி விசிறி மாதிரி வெள்ளைப் பூசணம், பஞ்சு நூல் போல. அதன் மேல் கடுகு கடுகாக உருண்டைகள், சில வெள்ளை, சில பழுப்பு. நகத்தால் சுரண்டினால் உதிர்ந்தன. கடலையில் வருகிற அதே அடித்தண்டு அழுகல், ஸ்க்ளீரோஷியம் ரோல்ஃப்சி என்ற பூசணத்தால் வருவது. அந்தக் கடுகு மண்ணில் வருஷக்கணக்கில் உயிரோடு கிடக்கும். ஈரமும் சூடும் சேர்ந்தால் கிளம்பும். நான் கட்டிய தண்ணீர் அதற்குத்தான் போயிருக்கிறது.

இந்தப் பூசணத்துக்குக் கார்பன்டாசிம் கேட்காது. மருந்து விற்கிறவருக்கு இது தெரியாமல் இருக்கக் கூடாது. தண்டைப் பிளந்தால் உள்ளே கரித்தூள் தூவியது போல் இருந்தால் அது வேறு நோய், கரியழுகல். அது வறட்சியில் வரும். பிடுங்கிப் பார்க்காமல் இரண்டையும் பிரிக்க முடியாது.

வாடிய செடியைச் சுற்றியுள்ள மண்ணோடு தோண்டி எடுத்து எரித்துவிடுங்கள். தண்டோடு மண் அணைக்க வேண்டாம். அறுவடைக்கு அப்புறம் ஆழமாக உழுது மேல்மண்ணைக் கீழே தள்ளுங்கள், மக்காத சருகை விடாதீர்கள். கடலை, பயறு போட்ட இடத்தில் உடனே சூரியகாந்தி வேண்டாம். விதைக்கும்போது கிலோ விதைக்கு 4 கிராம் ட்ரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூசணத்தைக் கலந்துகொள்ளுங்கள். ஏக்கருக்கு 1 கிலோவை 20 கிலோ மக்கிய சாணத்தில் கலந்து நிலத்திலும் போடலாம். அதோடு கார்பன்டாசிம் சேர்த்தால் ட்ரைக்கோடெர்மாதான் சாகும்.

கடைக்குத் திரும்பப் போனேன். பில் இருக்கிறதா என்று கேட்டுக் கையை விரித்துவிட்டார். பில் அவர் கொடுக்கவே இல்லை.

இந்த வருஷம் அந்த நிலத்தில் மக்காச்சோளம் போடுகிறேன். யாருக்காவது செடி வாடினால் பிடுங்கி, அடித்தண்டைக் கிட்டத்தில் இருந்து படம் எடுத்து அனுப்புங்கள். இதே நோயா என்று பார்த்துச் சொல்கிறேன்.