ஊர் சிம் ஓடிபிக்கு மட்டும்: சிங்கப்பூர், மலேசியா பயணங்களுக்கு இரட்டைச் சிம் ஏற்பாடு

சிங்கப்பூரோ மலேசியாவோ போகிறவர்களுக்குப் பல பயணங்களில் சோதித்துத் தேறிய ஏற்பாடு ஒன்றுதான். இந்தியாவில் பயன்படுத்தும் ஊர் சிம் போனிலேயே இருக்கும், ஆனால் அது ஓடிபி வாங்க மட்டும். டேட்டாவும் பேச்சும் அங்கே வாங்கும் உள்ளூர் சிம்மிலோ, அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே ஏற்றும் பயண இ-சிம்மிலோ. கையைச் சுடும் பில் பெரும்பாலும் பேக் விலையால் வருவதில்லை. போனில் ஏதோ ஒரு சுவிட்ச் தப்பாக இருப்பதால்தான் வருகிறது.

ஊர் சிம்மில் கிளம்பும் முன்பே சர்வதேச ரோமிங்கைத் திறந்துவிட வேண்டும். ப்ரீபெய்டு எண்ணில் அதைத் திறக்காமல் போனால் அங்கே டவரே பிடிக்காமல் போகலாம். ரீசார்ஜ் வேலிடிட்டி திரும்பி வரும் நாளையும் தாண்டி இருக்கட்டும். வரும் எஸ்எம்எஸ்ஸுக்குப் பொதுவாகக் கட்டணம் இல்லை, வரும் அழைப்பை எடுத்தால் உண்டு. விமானம் ஏறும் முன் ##002# அடித்து எல்லா கால் ஃபார்வர்டிங்கையும் நீக்கிவிடுங்கள். இல்லையென்றால் நீங்கள் எடுக்காத அழைப்பு வெளிநாடுவரை வந்து மறுபடி இந்திய எண் ஒன்றுக்குத் திரும்பும். அந்தப் போக்குவரத்துக்கும் காசு கேட்பார்கள்.

பயண இ-சிம் வாங்கியவர்கள் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. சிக்னல் முழுதாக இருக்கும், நெட் வராது. இந்த இ-சிம் பெரும்பாலும் வேறொரு நாட்டுக் கம்பெனியுடையது, சிங்கப்பூரில் அதுவே ரோமிங்கில்தான் ஓடுகிறது. ஆகவே இ-சிம் வரிசையில் டேட்டா ரோமிங்கை ஆன் செய்ய வேண்டும், ஊர் சிம் வரிசையில் ஆஃப் செய்ய வேண்டும். இரண்டையும் சேர்த்து ஆஃப் செய்துவிட்டு இ-சிம் விற்றவரைத் திட்டுவது வழக்கம். அப்படியும் வரவில்லை என்றால் வாங்கியபோது வந்த மெயிலில் உள்ள ஏபிஎன் பெயரை (நெட் இணைப்புக்கான அமைப்பு அது) போன் செட்டிங்ஸில் கையால் அடித்து, போனை ஒருமுறை அணைத்துப் போடுங்கள்.

அடுத்த ஓட்டை இன்னும் நுட்பமானது. இ-சிம்மில் சிக்னல் குறைந்ததும் போன் தானாக ஊர் சிம் டேட்டாவுக்குத் தாவும் வசதி இருக்கிறது. ஐபோனில் 'அலோவ் செல்லுலார் டேட்டா ஸ்விட்சிங்', சாம்சங்கில் 'ஆட்டோ டேட்டா ஸ்விட்சிங்'. இதை அணைத்தே வையுங்கள். ஐபோனில் இன்னொன்று: ஐமெசேஜும் ஃபேஸ்டைமும் எண்ணை உறுதிசெய்ய வெளிநாட்டு எண்ணுக்குச் சத்தமில்லாமல் ஒரு எஸ்எம்எஸ் அனுப்பும். சிம் மாற்றும்போது பேலன்ஸில் சில்லறை குறைவதற்குக் காரணம் பல நேரம் இதுதான்.

இ-சிம்மை ஊரிலேயே, வீட்டு வைஃபையில் ஏற்றிக்கொள்வது நல்லது. முதலில் *#06# அடித்துப் பாருங்கள். ஈஐடி என்ற 32 இலக்க இ-சிம் அடையாள எண் தெரிந்தால் போன் இ-சிம் ஏற்கும். வேலிடிட்டி ஏற்றிய நாளிலிருந்து ஓடுமா, அங்கே முதல் டவர் பிடித்ததிலிருந்து ஓடுமா என்பது பேக்குக்குப் பேக் மாறும், அதைப் படித்துவிட்டு ஏற்றுங்கள். இ-சிம்மை ஏற்றும் க்யூஆர் கோடு பெரும்பாலும் ஒருமுறைதான் வேலை செய்யும். நெட் வரவில்லை என்ற அவசரத்தில் இ-சிம்மை அழித்தால் காசு போனதுதான். அணைத்து ஆன் செய்யலாம், அழிக்கக் கூடாது.

ஒரு வாரத்துக்கு மேல் தங்கினால், அல்லது உள்ளூர் எண் தேவை என்றால், கடைச் சிம்மே லாபம். சிங்கப்பூரில் பாஸ்போர்ட் காட்டி வாங்க வேண்டும், ஓர் ஆளுக்கு மூன்று ப்ரீபெய்டு சிம்தான் வரம்பு. போட்டவுடன் எண்ணை மாற்றவா என்று வாட்ஸ்அப் கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். பழைய எண்ணிலேயே அது ஓடும்.

சிங்கப்பூரிலிருந்து மலேசிய எல்லை நகரமான ஜொகூர் பாருவுக்குப் பேருந்தில் போகிறவர்களுக்கு, சிங்கப்பூர் எல்லையில் உள்ள உட்லண்ட்ஸ் பக்கமே மலேசிய டவர் எட்டிப் பார்க்கும். நெட்வொர்க் தேர்வை ஆட்டோவிலிருந்து மாற்றிக் கையால் தேர்ந்தால் குழப்பம் இல்லை. ஊர் சிம்முக்கு ஓடிபி வரவில்லை என்றாலும் இதே மருந்து: பட்டியலில் உள்ள அடுத்த கம்பெனியைத் தேர்ந்து இரண்டு நிமிடம் காத்திருங்கள்.

'அன்லிமிடெட்' என்று விற்பதில் பாதி, நாளுக்கு இவ்வளவு என்ற அளவு தாண்டியதும் வேகத்தை நத்தையாக்கிவிடும். ஹாட்ஸ்பாட் அனுமதி உண்டா என்றும் பாருங்கள், குடும்பத்தோடு போகிறவர்களுக்கு அதுதான் முக்கியம்.

பெரியவர்கள் கையில் உள்ள 2ஜி பட்டன் போன் சிங்கப்பூரில் வெறும் டார்ச் லைட். அங்கே 2ஜி 2017-இலும் 3ஜி 2024-இலும் மூடப்பட்டன. 4ஜி வழியே கால் பேச வைக்கும் வோல்ட்இ வசதி இல்லாத ஸ்மார்ட்போனிலும் நெட் வரும், சாதாரண கால் போகாது.

வாட்ஸ்அப் இல்லாத ஊர் வீட்டு எண்ணுக்குப் பேச ஸ்கைப் கிரெடிட் வைத்திருந்தவர்கள் வேறு வழி பார்க்க வேண்டும், 2025 மே 5-ஆம் தேதி ஸ்கைப் மூடியாயிற்று. உள்ளூர் சிம் பேக்கோடு வரும் சர்வதேச நிமிடங்கள் இதற்குப் போதும். இந்தியா பட்டியலில் உண்டா, லேண்ட்லைனுக்கும் சேருமா என்று வாங்கும்போதே கேட்டுவிடுங்கள். எண்ணை அடிக்கும்போது முன்னால் உள்ள சுழியத்தை விட வேண்டும்: மதுரை 0452 என்றால் +91 452. கான்டாக்ட்டில் எல்லா எண்ணையும் கிளம்பும் முன்பே +91 போட்டுச் சேமித்துவிட்டால் அங்கே போய்த் தேட வேண்டாம்.