நரம்பா, ஹார்மோனா? சித்தியின் தோசைக்கல்லை வைத்து ஓர் அலசல்

திருமங்கலத்தில் என் சித்தி சாயங்காலத்தில் தோசைக்கடை போடுகிறார். இரண்டு வருடமாக அவருக்கு ஓயாத அசதி. உடம்பு ஊதியது, குரல் கனத்தது, அக்னி நட்சத்திர வெயிலிலும் ஃபேனை நிறுத்தச் சொல்வார். கேட்டவர்கள் எல்லாரும் சொன்னது ஒன்றுதான்: நரம்புத் தளர்ச்சி. நரம்புக்கு என்று ஊசியும் சத்து மாத்திரையும் போய்க்கொண்டே இருந்தன. பி12 குறைந்தவர்களுக்கு அந்த ஊசி அவசியம்தான். சித்திக்குக் குறை இருந்ததோ கழுத்தில், தைராய்டு சுரப்பியில்.

நம் பக்கம் உடம்புக்கு எது வந்தாலும் பழி நரம்பின் மேல்தான் விழுகிறது. அதனால் நரம்பு, சுரப்பிகள் ரத்தத்தில் விடும் ஹார்மோன் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிடலாம்.

வேகத்தில் நரம்புக்கு ஈடு கிடையாது. சித்தியின் விரல் தோசைக்கல்லில் பட்டால் கை வெடுக்கென்று விலகிவிடும். 'ஸ்ஸ்' என்பது அதற்கப்புறம். சூடு பட்ட சேதி தண்டுவடத்துக்குப் போனதுமே, கையை இழு என்ற உத்தரவு அங்கிருந்தே கிளம்பிவிடுகிறது. மூளைக்குப் பிறகுதான் தெரியும். மயலின் என்ற கொழுப்பு உறை போர்த்திய தடித்த நரம்பிழைகளில் சேதி நொடிக்கு 100 மீட்டருக்கு மேலும் ஓடும். உறையில்லாத மெல்லிய இழைகளில் 1 மீட்டர் அளவுதான். சுட்டபின் காந்திக்கொண்டே இருக்கும் வலி அந்த வழியாக வருவது. ஹார்மோனுக்கு ரத்தம்தான் வழி. ரத்தம் உடம்பை ஒரு சுற்று வரவே ஏறக்குறைய ஒரு நிமிடம் ஆகும். அதை நம்பியிருந்தால் விரல் வெந்துபோயிருக்கும்.

ஆனால் நரம்பின் பேச்சு அந்த இழை போய் முடியும் இடத்தோடு சரி. ஹார்மோன் அப்படியில்லை. சித்திரைத் திருவிழாவில் வைகைக் கரையில் ஒலிபெருக்கியில் ஒரு பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்களே, அதுபோல. கூட்டம் முழுக்கக் கேட்கும், பெயருக்கு உரியவர் மட்டும் வருவார். ஹார்மோனும் எல்லாத் திசுக்களையும் தொட்டுப் போகும். அதைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பி உள்ள செல்கள்தான் பதில் சொல்லும். தைராய்டு சுரக்கும் தைராக்சின் என்ற ஹார்மோனுக்கோ உடம்பில் அநேகமாக எல்லாச் செல்லும் பதில் சொல்லும். அது குறைந்தால் தலைமுடியிலிருந்து குடல்வரை எல்லாமே மந்தமாகிவிடும்.

இரண்டும் சேர்ந்து வேலை செய்யும் இடமும் உண்டு. பைக்கில் போகும்போது பஸ் குறுக்கே வந்தால் பிரேக் பிடிப்பது நரம்பின் வேலை. அதே நேரத்தில் சிறுநீரகத்தின் மேலே இருக்கும் அட்ரினல் சுரப்பியின் உள்பகுதிக்கும் நரம்பே நேராகப் போய் உத்தரவு கொடுக்கிறது. பஸ் போனபின்பும் நெஞ்சு அடித்துக்கொள்வது அந்தச் சுரப்பி ரத்தத்தில் விடும் அட்ரினலின் என்ற ஹார்மோனால்.

எல்லாம் நரம்புதான் என்ற எண்ணம் அறிவியலாளர்களுக்கும் இருந்ததுதான். 1902இல் லண்டனில் பேலிஸ், ஸ்டார்லிங் என்ற இருவர், ஒரு நாயின் குடல் துண்டுக்குப் போகும் நரம்புகளை அறுத்துவிட்டு அதில் அமிலத்தை விட்டார்கள். நரம்பு இல்லாமலே கணையம் சுரந்தது. குடலிலிருந்து ரத்தம் வழியே போய்க் கணையத்தைத் தூண்டிய பொருள்தான் செக்ரெடின் என்ற ஹார்மோன். ஹார்மோன் என்ற பெயரே 1905இல்தான் புழக்கத்துக்கு வந்தது.

சித்தி விஷயத்தில் எனக்கு மறக்காதது ஒரு சின்ன ரப்பர் சுத்தியல். புதிதாகப் பார்த்த டாக்டர் அவரை நாற்காலியில் மண்டியிடச் சொல்லி, தொங்கிய பாதத்தில் குதிகாலுக்கு மேலே தட்டினார். பாதம் உதைத்தது. ஆனால் பழைய நிலைக்குத் திரும்பும்போது கெட்டி மாவு வழிவதுபோல் மெதுவாக வந்தது. தைராக்சின் குறைந்தால் சுருங்கிய தசை தளர நேரமாகும் என்றார். நரம்பு நன்றாகத்தான் இருந்தது. ரத்தப் பரிசோதனையில் டி.எஸ்.ஹெச். எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. தைராய்டு சுணங்கும்போது மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி அதை விரட்டுவதற்காக அனுப்பும் ஹார்மோன் அது.

தைராக்சின் மாத்திரை ஆரம்பித்துப் பத்தாம் நாள் சித்தி போன் செய்தார். "பத்து நாளா முழுங்குறேன், ஒண்ணும் தெரியலையேப்பா. நிப்பாட்டிரவா?"

இந்தக் கேள்விக்காகத்தான் இதை எழுதுகிறேன். தலைவலி மாத்திரையைப் போல இதை எடைபோடக் கூடாது. ரத்தத்தில் தைராக்சின் பாதியாகக் குறையவே ஏறக்குறைய 7 நாள் ஆகும். அட்ரினலினுக்குச் சில நிமிடங்கள் போதும். அவ்வளவு நிதானமான சரக்கு, ஒரு நிலைக்கு வந்து நிற்க ஐந்தாறு வாரம் பிடிக்கும். அதனால்தான் 6 முதல் 8 வாரம் கழித்து மறுபடி ரத்தம் பார்க்கிறார்கள். காலையில் வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட வேண்டும், காபி அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்து. இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளுக்கு 4 மணி நேர இடைவெளி வேண்டும். அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் டாக்டர் பொறுப்பு.

"நிறுத்திராதீங்க சித்தி" என்று மட்டும் அன்றைக்குச் சொன்னேன்.

எட்டாவது வாரம் ரத்தம் கொடுக்க மதுரைக்குக் கூட்டிப்போனேன். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தவர், முந்தானையால் விசிறிக்கொண்டே, "என்னப்பா இந்த வெக்கை" என்றார். இரண்டு வருடத்தில் முதல் தடவையாக.