பேரனுக்கு ஸ்பான்சரா, பாட்டிக்கு ஸ்பான்சரா?

நாலு வருடம் ஒரு குழந்தைக்கு ஸ்பான்சராக இருந்தேன். அப்பா அம்மா இருவரும் இல்லை, அம்மாவைப் பெற்ற பாட்டிதான் வளர்க்கிறார் என்று விவரத்தாளில் போட்டிருந்தது. நான் சேரும்போது அவளுக்கு ஏழு வயது. மாதாமாதம் என் கணக்கிலிருந்து பணம் தானாகப் போய்விடும், வருடத்துக்கு ஒரு போட்டோவும் இரண்டு கடிதங்களும் வரும். இப்போது அதை விட்டு, ஒரு சின்ன அமைப்பு நடத்துகிற வேறு வகைத் திட்டத்துக்கு மாறி இரண்டு வருடம் ஆகிறது. அங்கே ஒரு குழந்தையின் பேரில் மட்டும் ஸ்பான்சர் என்பது கிடையாது. பாட்டி தாத்தாவையும் சேர்த்து அந்த வீட்டுக்குத்தான் உதவி. இரண்டிலும் காசு போட்டுப் பார்த்ததால் இதை எழுதுகிறேன். என் சாய்வு இரண்டாவது பக்கம்தான், நடுநிலை வேஷம் போடப் போவதில்லை.

பதிவு பெற்ற அமைப்பா, தணிக்கை செய்த கணக்கை வெளியிடுகிறார்களா, குழந்தைப் பாதுகாப்புக்கு எழுதி வைத்த விதிகள் உண்டா என்பதையெல்லாம் எந்த வகையானாலும் பார்க்கத்தான் வேண்டும், அதில் விரித்துச் சொல்ல ஒன்றும் இல்லை. நிர்வாகச் செலவு எத்தனை சதவீதம் என்பதை மட்டும் பார்த்துத் தீர்மானிக்கிற பழக்கம் எனக்கும் இருந்தது. வீடு வீடாகப் போய்ப் பார்க்கிற ஆளின் சம்பளத்தையும் சில இடங்களில் அதே கணக்கில்தான் எழுதுகிறார்கள் என்று பின்னால்தான் தெரிந்தது. அந்த ஆள் இல்லாத திட்டம் எவ்வளவு மலிவாக இருந்தாலும் எனக்கு வேண்டாம். ஏன் என்பது கீழே வரும்.

அதற்கு முன்னால், காப்பகத்துக்குப் பணம் கொடுப்பதைப் பற்றிச் சுருக்கமாக. ‘அநாதை’ என்ற சொல்லைக் கேட்டதும் யாருமே இல்லாத குழந்தை என்று மனம் நினைத்துக்கொள்கிறது. ஆனால் யுனிசெஃப் கணக்கில் பெற்றோரில் ஒருவரை இழந்த குழந்தையும் அதில் வரும். ஆகவே அந்தக் கணக்கில் இருக்கிற பெரும்பாலான குழந்தைகளுக்கு வீட்டில் யாரோ ஒருவர் இருக்கிறார், அந்த ஒருவர் அப்பா அம்மாவில் மிஞ்சியவராக இருக்கலாம், பாட்டியாகவும் இருக்கலாம். அப்படி ஒருத்தர் இருக்கும்போது, கஷ்டம் என்ற ஒரே காரணத்துக்காகக் குழந்தையை விடுதியில் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்கு நான் பணம் தர மாட்டேன். ருமேனியத் தலைநகர் புக்காரெஸ்ட்டில் 2000இல் தொடங்கிய ஆய்வில், காப்பகங்களில் இருந்த 136 சின்னக் குழந்தைகளைக் குலுக்கல் முறையில் பிரித்து ஒரு பகுதியை வளர்ப்புக் குடும்பங்களில் விட்டார்கள். குடும்பத்துக்குப் போனவர்களின் அறிவு வளர்ச்சி, காப்பகத்திலேயே இருந்தவர்களைவிட நன்றாக இருந்தது. எவ்வளவு சின்ன வயதில் போனார்களோ அவ்வளவுக்கு நல்லது. ஐ.நா. பொதுச் சபை 2009இல் ஏற்றுக்கொண்ட மாற்றுப் பராமரிப்பு வழிகாட்டு நெறிகளும் குழந்தை பெற்றோரிடமோ, அது முடியாதபோது நெருங்கிய உறவுகளிடமோ இருக்க வழிசெய்வதைத்தான் முன்னால் வைக்கின்றன. வீட்டில் அடி உதை, பாதுகாப்பில்லை என்றால் அது வேறு கதை.

சரி, காப்பகம் போக மிச்சம் இரண்டு: ஒரு குழந்தைக்கு ஸ்பான்சர், அல்லது வீட்டுக்கே உதவி.

ஒரு குழந்தைக்கு ஒரு ஸ்பான்சர் என்ற முறைக்கு வயது அதிகம். ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் பாதிக்கப்பட்ட குழந்தைகளுக்காக 1937இல் தொடங்கியதுதான் இன்றைய பிளான் இன்டர்நேஷனல் என்ற உதவி அமைப்பு. கொரியப் போர்க் காலத்தில் இந்த முறை இன்னும் பரவியது. இதைக் குறை சொல்கிறவர்கள் நிறைய, ஆனால் பலன் இருக்கிறது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பொருளாதார ஆய்வாளர் புரூஸ் வைடிக்கும் அவருடைய சகாக்களும் 2013இல் வெளியிட்ட ஆய்வு, கம்பாஷன் என்ற அமைப்பின் ஸ்பான்சர்ஷிப்பை ஆறு நாடுகளில் பார்த்தது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை, அவர்கள் பெரியவர்களான பிறகு தேடிப்போய் எடுத்த கணக்கு அது. ஸ்பான்சர் கிடைத்த குழந்தைகள் சராசரியாக ஒன்று முதல் ஒன்றரை வருடம் வரை கூடுதலாகப் படித்திருந்தார்கள், மேல்நிலைப் படிப்பை முடித்தவர்களின் பங்கு 12 முதல் 18 சதவீதப் புள்ளிகள் கூடியிருந்தது. இது சின்ன விஷயமே இல்லை. கடிதத்துக்கும் மதிப்பு உண்டு. இந்தோனேசியாவில் குழந்தைகளையே தங்கள் படத்தை வரையச் சொல்லி அதை வைத்துப் பார்த்தபோது, ஸ்பான்சர் உள்ள குழந்தைகளிடம் நம்பிக்கை அதிகமாகத் தெரிந்தது. எங்கோ ஒருத்தர் நம் பெயரைத் தெரிந்து வைத்திருக்கிறார் என்பது ஒரு குழந்தைக்கு ஏதோ செய்யத்தான் செய்கிறது.

இன்னொன்று, குழந்தையின் பேரைப் போட்டு வாங்குகிற பணம் நேராக அந்தக் குழந்தை கைக்குப் போவதில்லை. பெரிய அமைப்புகள் பல அதைப் பொதுவில் போட்டு, ஊருக்கான பள்ளி, தண்ணீர், மருத்துவம் என்று செலவு செய்கின்றன. சின்ன எழுத்தில் அதைச் சொல்லியும் இருப்பார்கள். எனக்கு அதில் கோபம் இல்லை, ஊரே நன்றாக இருந்தால் அவளும் நன்றாக இருப்பாள்.

என் பிரச்சினை வேறு இடத்தில் வந்தது. மூன்றாவது வருடம் வந்த போட்டோவில் புதுப் பையோடு அவள் நின்றாள், ஓரத்தில் ஒரு கை மட்டும் தெரிந்தது, மணிக்கட்டில் சுருக்கம் விழுந்த கை. பாட்டியை வெட்டிவிட்டுப் படம் எடுத்திருக்கிறார்கள். அவளுக்குத் தம்பி ஒருவன் இருக்கிறான் என்பதே ஒரு கடிதத்தில் அவளாக எழுதியதால்தான் தெரியும். திட்டத்தில் அவள் பேர் மட்டும்தான், அவனுக்குப் பையும் இல்லை ஒன்றும் இல்லை. ஒரே பாயில் படுக்கிற இரண்டு பிள்ளைகளில் ஒன்றுக்கு மட்டும் பார்சல் வந்தால் அந்த வீட்டில் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

நாலாம் வருட முடிவில் ஒரு மின்னஞ்சல் வந்தது. குழந்தை திட்டப் பகுதியை விட்டுப் போய்விட்டாள், உங்கள் ஆதரவு தொடர இதோ இன்னொரு குழந்தை என்று ஒரு போட்டோ. கேட்டேன். திரும்பத் திரும்பக் கேட்டபின் தெரிந்தது இவ்வளவுதான்: பாட்டி கீழே விழுந்து இடுப்பு எலும்பு உடைந்து படுத்துவிட்டார், இவள் பள்ளியை விட்டுவிட்டு அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள், பாட்டி போனதும் யாரோ ஒரு மாமா வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். தம்பி எங்கே என்று அவர்களுக்குத் தெரியவில்லை. பாட்டி படுத்திருந்த மாதங்களில்தான் ‘நான் நன்றாகப் படிக்கிறேன்’ என்ற கடிதமும் எனக்கு வந்திருக்கிறது. அமைப்பை ஏமாற்றுக்காரர்கள் என்று சொல்ல மாட்டேன். அவர்கள் பதிவேட்டில் குழந்தை இருந்தாள், பாட்டி இல்லை, அவ்வளவுதான்.

எல்லாவற்றையும்விட இதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது: பாட்டியின் வயது. ஆறு வயதுப் பேரனை 64 வயதில் கையில் எடுத்துக்கொள்கிறவர், அவனுக்குப் பதினெட்டு ஆகும்போது 76 வயதில் இருப்பார். அவனுக்குக் கீழே மூன்று வயதில் ஒருத்தி இருந்தால் 79. இடையில் கண்புரை, சர்க்கரை, மூட்டு, ஒரு விழுதல். வேலைக்குப் போய்க்கொண்டே வளர்க்கிறவரானால் எப்போதோ ஒரு நாள் வேலையும் நிற்கும். தன் பிள்ளையைப் பறிகொடுத்த துக்கம் தனியாக இருக்கிறது, அதை யாரும் கேட்பதில்லை. இப்படிப்பட்ட வீட்டில் குழந்தையின் படிப்பு கட்டணத்தால் நிற்பதைவிட, பாட்டி படுத்துவிட்டால் நின்றுபோக வாய்ப்பு அதிகம். அப்படியானால் ஸ்பான்சர் பணத்தில் ஒரு பங்கு பாட்டியின் கண்ணுக்கும் காலுக்கும் போவதுதான் பிள்ளையின் படிப்புக்கே நல்லது. கண்புரை அறுவைக்கும் மூன்றாம் வகுப்புக்கும் என்ன சம்பந்தம் என்று முன்பு யாராவது கேட்டிருந்தால் நானும் முழித்திருப்பேன்.

பாட்டி கையில் பணம் கொடுத்தால் பிள்ளைக்குப் போய்ச் சேருமா என்று கேட்பவர்களுக்குத் தென்னாப்பிரிக்காவிலிருந்து ஒரு பதில் இருக்கிறது. அங்கே 1990களின் தொடக்கத்தில் முதியோர் ஓய்வூதியம் கறுப்பின முதியவர்களுக்கும் பெரிய அளவில் விரிவடைந்தது. பொருளாதார ஆய்வாளர் எஸ்தர் டுஃப்ளோ 2003இல் வெளியிட்ட ஆய்வின்படி, பாட்டிகள் ஓய்வூதியம் வாங்கிய வீடுகளில் பேத்திகளின் உயரமும் எடையும் மேம்பட்டிருந்தன. தாத்தாக்கள் வாங்கிய பணத்தில் அந்த மாற்றம் தெரியவில்லை. (தாத்தாக்கள் கோபிக்க வேண்டாம், இது நான் சொன்னதில்லை.) யாரும் பாட்டிக்கு நிபந்தனை போடவில்லை, ரசீது கேட்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

நான் இப்போது கொடுக்கிற திட்டம் எப்படி நடக்கிறது என்றால், ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கோப்பு. பள்ளிக் கட்டணம் நேராகப் பள்ளிக்கு, ஒரு தொகை பாட்டியின் வங்கிக் கணக்குக்கு, அதை எதற்குச் செலவு செய்வது என்பது அவர் இஷ்டம். மாதம் ஒரு முறை களப்பணியாளர் வீட்டுக்குப் போகிறார். போனவுடன் முதலில் பிள்ளையைக் கேட்பதில்லை, பாட்டியைத்தான் கேட்கிறார்: மாத்திரை இருக்கிறதா, தூங்கினீர்களா. அப்புறம் காகிதங்கள். பெற்றோரின் இறப்புச் சான்றிதழ், பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், பாட்டிதான் சட்டப்படி காப்பாளர் என்பதற்கான ஆவணம், வீடோ நிலமோ இருந்தால் அதன் பத்திரம். மகனோ மகளோ செத்த வீட்டில் பாட்டி இதையெல்லாம் தேடி அலைந்து வாங்கியிருப்பார் என்று எதிர்பார்க்க முடியாது. ஆனால் அது இல்லாவிட்டால் பள்ளியில் சேர்ப்பதிலிருந்து அப்பா பேரில் இருக்கிற சொத்து கைவிட்டுப் போவது வரை எல்லாம் சிக்கல்தான். போட்டோ போட்டு நன்கொடை கேட்கிற விளம்பரத்தில் இந்த வேலை வரவே வராது, பார்க்க அழகாக இருக்காது.

அந்தக் கோப்பில் ஒரு கட்டம் இருக்கிறது, அதைப் பார்த்துத்தான் சேர்ந்தேன். ‘பாட்டிக்குப் பிறகு யார்’ என்று கேட்கிற கட்டம். பாட்டி நல்ல நிலையில் இருக்கும்போதே ஒரு பேரை நிரப்ப வேண்டும், அந்த ஆளிடமும் சம்மதம் கேட்க வேண்டும், பிள்ளைக்கு ஓரளவு விவரம் தெரிகிற வயதென்றால் பிள்ளையிடமும் தனியாகக் கேட்க வேண்டும். வருடத்துக்கு ஒரு முறை திரும்பப் பார்க்கிறார்கள். இதைக் கேட்கும்போது பாட்டிகள் சிலர் அழுகிறார்கள், சிலர் ‘என்னைச் சீக்கிரம் போகச் சொல்கிறீர்களா’ என்று சண்டைக்கு வருகிறார்கள் என்று களப்பணியாளர் ஒருமுறை போனில் சொன்னார். பின்னே, வராமல் இருப்பார்களா?

இதன் குறைகளையும் சொல்ல வேண்டும். எனக்குப் போட்டோ வருவதில்லை, கடிதம் இல்லை, பிள்ளைகளின் முழுப்பெயர்கூடத் தெரியாது. ஆறு மாதத்துக்கு ஒரு பக்க அறிக்கை, அவ்வளவுதான். முதல் வருடம் இது வெறுமையாகத்தான் இருந்தது, மறைக்க மாட்டேன். தங்கள் சொந்தப் பிள்ளைகளோடு சேர்ந்து கொடுக்க நினைக்கிறவர்களுக்கு, அவர்கள் கையால் கடிதம் எழுத வைக்க நினைக்கிறவர்களுக்கு, பழைய முறைதான் பிடிக்கும். சின்ன அமைப்பு என்பதால் ஓரிரண்டு பேர் வேலையை விட்டால் எல்லாம் ஆட்டம் காணும் என்ற பயமும் இருக்கிறது. பாட்டி கணக்கில் விழும் பணத்தை வேறொரு மகன் வந்து பிடுங்கிக்கொள்வதும் நடக்கிற காரியம்தான். ஒரு வீட்டில் அப்படி நடந்து, தொகையைக் குறைத்து மளிகையாக மாற்றினார்கள். ரொக்கத்தின் மேல் எனக்குள்ள நம்பிக்கை எல்லா வீட்டுக்கும் பொருந்தாது என்று அப்போது புரிந்தது.

ஒன்று மட்டும் இந்த முறையில் நிம்மதி. நான் நாளைக்கு வேலை இழந்து நிறுத்திவிட்டால் ஒரு குறிப்பிட்ட குழந்தையின் தலையில் அது விழாது, பலர் பணம் ஒன்றாகப் போகிற இடம். ஸ்பான்சருக்கும் வயதாகிறது, அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்தானே.

தெரிந்த குடும்பத்துக்கு நேராகக் கொடுப்பதைப் பற்றியும் நண்பர்கள் கேட்டார்கள். அவசரத்துக்கு அதுதான் வேகம். வருடக் கணக்கில் என்றால், கொடுப்பவர் வீட்டு விசேஷத்தில் அந்தப் பாட்டி கடைசி வரிசையில் கூசி உட்கார்ந்திருப்பதைப் பார்க்கிற நிலை வரும். எனக்கு அது ஒத்து வராது.

இரண்டு வருட அனுபவத்தில் நான் பார்க்காதது நிறைய. நான் உதவுகிற வீடுகளில் யாருக்கும் இன்னும் பதினெட்டு ஆகவில்லை. பதினான்கு பதினைந்து வயதுப் பையன் பாட்டி சொல் கேட்காமல் திரிகிறபோது இந்தத் திட்டம் என்ன செய்யும் என்பதை இனிமேல்தான் பார்க்க வேண்டும். பெரிய அமைப்புகளிலேயே இரண்டையும் கலந்து நன்றாகச் செய்கிறவர்கள் இருக்கலாம், நான் சேர்ந்த ஒன்றை வைத்து எல்லோரையும் எடைபோடவில்லை. எதில் சேர்ந்தாலும் சேரும் முன் ‘பாட்டிக்கு முடியாமல் போனால் என்ன செய்வீர்கள், போன வருடம் அப்படி எத்தனை வீட்டில் ஆனது, அந்தப் பிள்ளைகள் இப்போது எங்கே’ என்று கேளுங்கள். நான் கேட்டபோது ஒரு இடத்தில் அழகான கையேடு அனுப்பினார்கள். இன்னொரு இடத்தில், மூன்று வீடுகள், இரண்டில் அத்தை, ஒன்றில் எங்களால் முடியவில்லை, அண்ணனும் தங்கையும் பிரிந்துவிட்டார்கள் என்று சொன்னார்கள். அங்கேதான் கொடுக்கிறேன்.

போன அறிக்கையில் ஒரு வீட்டின் கட்டத்தில் பேர் மாறியிருந்தது. முன்பு சித்தப்பா என்று இருந்தது, இப்போது அம்மாவின் தோழி. காரணம் என்ற இடத்தில் ‘பிள்ளை கேட்டுக்கொண்டதால்’ என்று மட்டும் எழுதியிருந்தார்கள்.