கிளிநொச்சியிலிருந்து கொழும்புக்கு: புகையிரதமா, இரவுப் பேருந்தா?

நேர்முகத் தேர்வுக்கோ அலுவலக வேலைக்கோ கொழும்பு செல்லும் வன்னி மக்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. (கடவுச்சீட்டுக்காகச் செல்வோர் முதலில் வவுனியாவிலுள்ள பிராந்திய அலுவலகத்தில் விசாரிப்பது நல்லது, பயணமே தேவைப்படாமல் போகலாம்.)

செலவு: புகையிரதத்தின் மூன்றாம் வகுப்பு மலிவு, குளிரூட்டிய பேருந்துக்குக் கூடுதலாகும்.

ஆசனம்: புகையிரதத்தில் முற்பதிவு திறந்ததும் பதியாவிட்டால் பண்டிகைக் காலத்தில் கிடைப்பது அரிது, பேருந்தில் தொலைபேசி அழைப்பிலேயே இடம் பிடிக்கலாம்.

ஏறுமிடம்: கிளிநொச்சி, மாங்குளம், வவுனியாவில் நிலையங்கள் உண்டு. முல்லைத்தீவுக்குத் தண்டவாளமே இல்லாததால், அங்குள்ளோர் ஏ34 வீதிவழியே மாங்குளம் வந்து ஏறலாம். இணைப்புப் பேருந்து பிந்தினால் புகையிரதம் காத்திருக்காது.

அலுப்பு: புகையிரதத்தில் எழுந்து நடக்கலாம், கழிப்பறையும் உண்டு. பேருந்திலோ, முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துக் கச்சானும் வாங்கி ஏறிய பின், அடுத்த தரிப்பு சாரதியின் மனத்தைப் பொறுத்தது.

முதியோர், குழந்தைகளுடன் செல்வோருக்குப் புகையிரதமே பொருந்தும். காலையில் அலுவலகம் திறக்கும்போதே வரிசையில் நிற்க வேண்டியவர்களும், பேருந்துகள் நேரே செல்லும் கொழும்பின் வெள்ளவத்தையில் உறவினர் வீட்டில் தங்குவோரும் இரவுப் பேருந்தையே தெரிவுசெய்யலாம்.