கொலராடோ கழிமுகத்துக்குத் தண்ணீர்: ‘ரெய்ஸ் தி ரிவர்’ நன்கொடைத் திட்டம் எப்படி?

மெக்சிகோவுக்குள் கொலராடோ ஆறு கடலில் கலக்கும் கழிமுகம், மேலே வரிசையாக அணைகள் எழும்பியதில் காய்ந்துபோனது. பழைய ஈரநிலத்தில் பத்தில் ஒரு பங்குகூட மிஞ்சவில்லை. அதற்குத் தண்ணீர் தேடித்தர நிதி திரட்டும் கூட்டமைப்புதான் ‘ரெய்ஸ் தி ரிவர்’. சோனோரன் இன்ஸ்டிட்யூட், ப்ரோநாச்சுரா நோரோஸ்தே, ஆடுபான் போன்ற அமைப்புகள் இதில் இருக்கின்றன.

திரட்டும் பணத்தில் ஒரு பகுதி, மெக்சிகாலி பள்ளத்தாக்கில் விற்க முன்வரும் விவசாயிகளின் பாசன உரிமையை வாங்கச் செலவாகிறது. அந்த நீர் வழக்கமான பாசன வாய்க்கால் வழியாகவே, மரம் நட்ட இடங்களுக்கு முறை வைத்துப் பாய்கிறது. புதிதாக அணையோ குழாயோ தேவைப்படாதது பெரிய அனுகூலம்.

2014 மார்ச் 23 முதல் மே 18 வரை, அமெரிக்கா, மெக்சிகோ இரு நாட்டு உடன்பாட்டின்படி சுமார் 4.6 டி.எம்.சி. நீர் திறந்துவிடப்பட்டது. ஆறு மறுபடி கடலைத் தொட்டது. பார்க்க அற்புதம்தான். ஆனால் இரு நாட்டு எல்லையிலுள்ள மொரேலோஸ் அணைக்குக் கீழே நிலத்தடி நீர் மிக ஆழத்தில் கிடக்கிறது. வந்த நீரில் பெரும்பகுதியை அந்த வறண்ட மணல்படுகையே குடித்துவிட்டது. அந்த ஆண்டு கூடிய பசுமையும் அடுத்த சில ஆண்டுகளில் குறைந்தது. 2021-ல் அந்தப் பாடத்தைச் சரியாகப் பயன்படுத்தினார்கள். சுமார் 1.5 டி.எம்.சி. மட்டுமே, அதை மே முதல் அக்டோபர் வரை பிரித்து, மணல்பகுதியைச் சுற்றி வாய்க்காலில் கொண்டுபோய்க் கீழே விட்டார்கள். எங்கள் கணிப்பில் ஒவ்வொரு கன அடிக்கும் அதிகப் பலன் தந்தது இந்த முறைதான்.

தண்ணீர் மட்டும் காட்டை உண்டாக்காது. ஆற்றங்கரை நாட்டுமரங்களான காட்டன்வுட், வில்லோ ஆகியவற்றின் விதைகளின் முளைப்புத்திறன் சில வாரங்களில் போய்விடும். அதற்குள் அவை ஈரமான வெற்று மண்ணில் விழவேண்டும். டாமரிஸ்க் என்ற அயல்நாட்டுப் புதர் மூடிய கரையில் அதற்கு இடமில்லை. ஆகவே விதை பறக்கும் பருவத்துக்கு முன்பே புதரை வேரோடு எடுத்து, நிலத்தைச் சமன்படுத்திவைக்க வேண்டும். முளைத்தபின் நிலத்தடி நீர்மட்டம் நாளொன்றுக்கு இரண்டரை செ.மீ.க்கு மேல் இறங்கினால் வேர் எட்டிப்பிடிக்க முடியாமல் கன்று கருகும். மதகைச் சட்டென்று மூடுவது இங்கே செய்யும் மிகப் பெரிய தவறு. 2014-ல் முன்கூட்டியே சுத்தம் செய்த லகுனா கிராந்தே என்ற கழிமுகப் பகுதியில் நாட்டுமரக் கன்றுகள் பிடித்தன. சுத்தம் செய்யாத கரைகளில் டாமரிஸ்க்கே மேலோங்கியது.

மேடான இடங்களில் மெஸ்கீட் நடுகிறார்கள். நம் ஊரில் அழிக்கப் பாடுபடும் சீமைக் கருவேலத்தின் நெருங்கிய உறவு அது; அங்கோ மண்ணின் மரம்.

குறை என்றால் நீரின் நிச்சயமின்மை. இரு நாடுகளின் 323-ஆம் உடன்பாடு ஒன்பது ஆண்டுகளுக்கு ஒதுக்கிய சுமார் 9 டி.எம்.சி.யில் அமெரிக்கா, மெக்சிகோ, தன்னார்வ அமைப்புகள் ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு தரவேண்டும். அந்த உடன்பாடு 2026-ஓடு முடிகிறது. அமெரிக்காவில் இந்த ஆற்றின் நீர்த்தேக்கமான மீட் ஏரியின் மட்டம் இறங்கினால் மெக்சிகோவின் பங்கிலும் வெட்டு விழும்.

பணம் அனுப்புமுன் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: வாங்குவது நிரந்தர உரிமையா, ஒரு பருவக் குத்தகையா? அந்த நீர் பாயும் இடத்தில் கோடையில் நிலத்தடி நீர் எத்தனை மீட்டரில் நிற்கிறது?